மோரியில் நிற்கிற சைக்கிள்

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சினுக்குப் புதிதாக எடுத்திருக்கும் தம்பிகளில் ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். எஞ்சினைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன். அவர் கேட்டது சைக்கிளைப் பற்றி. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஷிப்டுக்கு வந்துபோக ஒரு வண்டி வாங்க வேண்டுமாம். கியர் வைத்த வண்டி சுகமாக இருக்கும் என்று கடையில் சொல்கிறார்களாம். ஆனால் என் வீட்டு வாசலில் நிற்கிற பழைய வண்டியைப் பற்றி எஞ்சின் வீட்டில் என்னென்னவோ கதை நடமாடுகிறதாம். எதை வாங்கட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் கிழவன் ஏதோ உளறுகிறான் என்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். அதனால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். எஞ்சினை எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அதைச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நாம் பார்க்கிற வேலை எப்பேர்ப்பட்டது என்பதைத் தினமும் அதற்குள்ளேயே கிடப்பதால் மறந்துபோகிறோம். ஷாஃப்ட் என்பது பூமிக்குள் நேராக இறங்குகிற பள்ளம். ஒரு கல்லைப் போட்டால் விழுகிற சத்தம் மேலே வந்து சேராது. அதற்குள் ஒரு இரும்புக் கயிறு, கயிற்றின் நுனியில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு, கேஜுக்குள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள். மேலே எஞ்சினில் உட்கார்ந்து அந்தக் கயிற்றை ஓட்டுகிற டிரைவர் அவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பெல் சத்தம் காதில் விழும், ஆழம் காட்டும் முள் கண்ணெதிரே நகரும், அவ்வளவுதான். அத்தனை ஆழத்தில் ஆட்கள் ஏறியதும் அந்தக் கனத்துக்குக் கயிறே கொஞ்சம் நீளும். இரும்பு நீள்கிறது, ஐயா. முதல்முறை அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

எங்கள் பழைய எஞ்சினில் கேஜை நிறுத்துவது டிரைவரின் வலது கால். கரண்ட் போனால் தானாக விழுகிற பிரேக் தனியாக இருந்தது, அது வேறு. ஆட்கள் ஏறி இறங்கும் மட்டத்தில் கேஜை அசையாமல் நிறுத்திவைப்பதற்குக் கால் பிரேக்தான். காலை வைத்து அமுக்கினால் போதாது. அமுக்கி, அங்கேயே தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நடப்பதற்கு நன்றாக இருக்கிற கால் இதற்குப் போதாமல் போகலாம்.

எங்கள் எஞ்சின் வீட்டில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இருக்கையில் இருக்கிற டிரைவரிடம் கேஜ் ஓடும்போது யாரும் பேசக்கூடாது, அது பெரிய அதிகாரியாக இருந்தாலும். இன்னொன்று, ஷிப்டு மாற்றுகிற விதம். வருகிறவர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து, லீவரைப் பிடித்திருக்கும் கையின் மேல் தன் கையை வைப்பார். கீழே இருக்கிற கை அதற்கப்புறம்தான் உருவிக்கொள்ளும். லீவர் ஒரு கணம்கூட ஆளில்லாமல் இருக்கக்கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ ஏற்படுத்திய பழக்கம். எந்தச் சட்டத்திலும் அது இல்லை, ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

அப்படி என் கை மேல் கை வைக்கிறவரை என் ஜோடி என்பார்கள். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்கிற ஆள். ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில், கம்பெனி கட்டிக்கொடுத்த லைனில் அவர் வீடு. எங்கள் இருவருடைய தாத்தாக்களும் வட ஆற்காட்டிலிருந்து ஒரே காலத்தில் சுரங்க வேலைக்கு வந்தவர்கள், அதனால் சொந்தம் இல்லாவிட்டாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் முதலில் கீழே வேலை பார்த்தவர். ஒரு ஏர் பிளாஸ்டில் வலது முட்டியில் கல் விழுந்தது. பாறை பல வருஷமாகத் தாங்கிக்கொண்டிருந்த கனத்தை ஒரு நொடியில் உதறிவிடுவதைத்தான் ஏர் பிளாஸ்ட் என்போம். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவராகச் சேர்ந்து, படிப்படியாக டிரைவரானார். நடையில் ஒரு குறையும் தெரியாது. வருஷா வருஷம் நடக்கிற டாக்டர் சோதனையிலும் தேறிவிடுவார்.

இனி சைக்கிளுக்கு வருகிறேன்.

அவருடைய வண்டிக்கு ஸ்கெலட்டனில் 'ஓயாத வண்டி' என்று பெயர். எல்லா சைக்கிளிலும் பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி தன்பாட்டுக்கு ஓடும், இறக்கத்தில் காலை ஆட்டாமல் உட்கார்ந்து வரலாம். இவர் ஒர்க்‌ஷாப்பில் யாரையோ பிடித்து அந்த ஃப்ரீவீலை வெல்டு வைத்து அடைத்துவிட்டார். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். கால் ஓய்ந்திருக்க வழியே கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால், சுற்றிவருகிற பெடலைக் காலாலேயே எதிர்த்துத் தாங்க வேண்டும். நல்ல சக்கரத்தைக் கெடுத்துவிட்டான் இந்த மனுஷன் என்று ராபர்ட்சன்பேட்டை சைக்கிள் கடைக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

நான் கியர் வண்டிக்காரன். சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். பங்களா சாமான்களையெல்லாம் வாசலில் பரப்பி ஏலம் விட்டார்கள். நாற்காலி, பீரோ, நாய்க்கூண்டு எல்லாவற்றுக்கும் போட்டி நடந்தது. மூன்று கியர் வைத்த ஒரு சைக்கிளுக்கு மட்டும் ஆளில்லை. ரிப்பேரானால் யார் பார்ப்பது என்று எல்லாரும் பயந்தார்கள். எனக்கு அது தேவையாக இருந்தது. மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டதால் நானும் மனைவியும் பூதிகோட்டையில் அவர் வீட்டோடு போய் இருந்த சமயம் அது. அங்கிருந்து ஷாஃப்டுக்கு மேடும் பள்ளமுமாக நீண்ட பாதை, அதிலும் எதிர்க்காற்று. நான் அந்த வண்டியை எடுத்துக்கொண்டேன்.

அந்த வண்டியை முதல்முறை மேட்டில் ஏற்றியதை மறக்க முடியாது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர், கட்டைவிரல் அளவுதான். அதைத் தட்டியதும் மேடே தாழ்ந்துகொடுத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தபடியே ஏறினேன். உச்சிக்குப் போனதும் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவில் இருந்த அந்தக் குண்டு இரும்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்குள் பல்சக்கரங்களை அடுக்கியவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. கும்பிடாததுதான் குறை.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு விஷமம் இருந்தது. இரண்டாவது கியருக்கும் மூன்றாவதற்கும் நடுவில், எந்தக் கியரிலும் சேராத ஓர் இடம். லீவர் சரியாக விழாவிட்டால் வண்டி அங்கே போய் மாட்டிக்கொள்ளும். பெடல் காற்றில் மிதிப்பது போல் சுற்றும். ஒருநாள் பூதிகோட்டை தாண்டி இறக்கத்தில் வரும்போது அப்படி ஆயிற்று. வேறு யாராக இருந்தாலும் கைப்பிரேக்கைப் பிடித்திருப்பார்கள். நான் வைண்டிங் டிரைவர். பிடி விட்டது என்று தெரிந்த அந்த நொடியில் என் உடம்பு எஞ்சின் வீட்டுக்குப் போய்விட்டது. வலது காலை நீட்டி, இல்லாத பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது ராகி வயல். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஏமாயிந்தி நாயனா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று மண்ணைத் தட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கயிற்றைப் பரிசோதிப்பார்கள். அன்றைக்கு ஜோடிகள் இருவரும் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் நிதானமாகப் பேசிக்கொள்வது அன்றுதான். ராகி வயல் கதையைச் சொன்னதும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"உனக்கும் இந்த மாதிரி ஒண்ணு பார்க்கட்டுமா மச்சான்? மேட்டுல யாரோ பின்னாலேந்து தள்ற மாதிரி கீது. உன் முட்டிக்கு நல்லது" என்றேன்.

"நல்லதுதான். ஆனா என் முட்டி இன்னா பண்ணிகினு கீதுன்னு எனக்குத் தெரிஞ்சுகினே இருக்கணும். உன் வண்டி அத சொல்லாது."

பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஸ்கெலட்டனிலிருந்து வருகிற பாதை, எஞ்சின் வீட்டுக்கு முன்னால் நல்ல இறக்கமாக இறங்கி, ஒரு மோரியைத் தாண்டி மறுபடி ஏறும். மழைத்தண்ணீர் போவதற்காகப் பாதைக்குக் குறுக்கே கட்டிய சின்ன மோரி. அதன் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த முனீஸ்வரன் கல் ஒன்று உண்டு. என் ஜோடி ஒவ்வொரு நாளும் அந்த மோரிக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவார் என்று எல்லாருக்கும் தெரியும். முனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வருகிறார் என்று சொல்லிக்கொள்வார்கள். அத்தனை பேர் உயிரைச் சுமக்கிறவர் கும்பிட்டுவிட்டு வருவது நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஒருநாள் எனக்கு முதல் ஷிப்டு. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் தரை ஒருமுறை குலுங்கியது. எஞ்சின் வீட்டு ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அதுவரை நான் பார்த்தவற்றில் பெரிய ஏர் பிளாஸ்ட் அதுதான். ஸ்கெலட்டன் வீடுகளில் அடுக்கிவைத்த பாத்திரங்கள் உருண்டிருக்கும். பாத்திரம் உருண்டால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்டை நோக்கி ஓடிவருவார்கள். யாரும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. இருக்கையில் இருந்தபடி அவர்கள் வந்து சேர்கிற இரைச்சலைக் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது.

அப்போதிலிருந்து பெல் ஓயவில்லை. மீட்புக்குப் போகிறவர்களை இறக்கினேன். அடிபட்டவர்களை ஏற்றினேன். ஸ்ட்ரெச்சர் வருகிறது என்றால் பெல்லில் தெரிந்துவிடும், அப்போது கயிறு பாலில் ஆடை கலையாத மாதிரி வர வேண்டும். ஒவ்வொருமுறையும் மட்டத்தில் நிறுத்தி, காலால் தாங்கி, மெதுவாக விட்டு, மறுபடி. மேலே வந்த எல்லாரும் நடந்து இறங்கவில்லை. அதையும் நான் பார்க்கவில்லை, பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஷிப்டு தொடங்கும் நேரம் நெருங்கியபோது என் வலது தொடை தானாகத் துடிக்க ஆரம்பித்திருந்தது. கீழே இன்னும் நிறையப் பேர் பல மட்டங்களில் காத்திருந்தார்கள். என் ஜோடி எப்போது வருவார் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அவர் வந்தார். காலடி ஓசையிலேயே எனக்குத் தெரியும். கேஜ் மேலே வந்து நின்றது. அவர் கை என் கை மேல் விழுந்தது. அப்பாடா என்று கையை உருவப் போனேன். அவர் விடவில்லை. என் கையை லீவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஃபோர்மேன் பின்னால் நின்றிருந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று காலையிலிருந்து அவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. என்ன தாமதம், உட்கார் என்றார். என் ஜோடி திரும்பாமலே சொன்னார்.

"நான் உக்கார மாட்டேன் சார். மோரியில வண்டி நிக்கல."

ஃபோர்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். ஃபோர்மேன் குரலை உயர்த்தினார். கீழே ஆட்கள் இருக்கிறார்கள், மேலே அவர்களுடைய வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறாதவன் இன்றைக்குப் போய் அடம்பிடிக்கிறாயே என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. என் ஜோடி குனிந்து என் காதருகே மட்டும் கேட்டார்.

"என் காலு இன்னைக்குத் தாங்காது மச்சான். உன் காலு எப்படி கீது? நெசத்த சொல்லு."

தம்பிகளே, இந்தக் கேள்வியை உங்களிடம் யாராவது கேட்டால் வீம்புக்குப் பதில் சொல்லாதீர்கள். நான் பிரேக்கை ஒருமுறை முழுக்க அமுக்கிப் பார்த்தேன். தொடை துடித்தது, ஆனால் தாங்கியது. கொஞ்ச நேரத்துக்கு வரும், ரொம்ப நேரம் வராது என்றேன். அவர் தலையை ஆட்டினார். எங்கள் இருவருக்கும் பொதுவாக மாற்று டிரைவர் ஒருவர் இருந்தார், வீடு ராபர்ட்சன்பேட்டையில். ஃபோர்மேன் அவரைக் கூட்டிவர ஆள் அனுப்பலாம் என்றால் வண்டிகள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன, ஆட்கள் எல்லாம் கீழே போயிருந்தார்கள்.

"உன் தொரை வண்டிய எடுத்துகினு போறேன்" என்றார் என் ஜோடி. வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வந்த என் கியர் வண்டியை அப்படித்தான் சொல்வார். கையை எடுத்தார். போய்விட்டார்.

நான் ஃபோர்மேனிடம், இனிமேல் கேஜுக்குப் பாதி ஆட்களை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள், பெல்லுக்கும் பெல்லுக்கும் நடுவில் எனக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள் என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். உடனே பெல்காரரிடம் சொல்லப் போனார். காத்திருக்கிற பெண்களுக்கு முன்னால் போய், கேஜ் இனிமேல் பாதிதான் நிறைந்து வரும் என்று சொல்வது லேசான காரியமா? அதை அவர்தான் செய்தார்.

அதன்பிறகு எத்தனை முறை இறக்கினேன், ஏற்றினேன் என்பது நினைவில்லை. முள்ளையும் என் முட்டியையும் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. பயந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு கை மறுபடியும் என் கை மேல் வந்து விழுந்தது. கனமான, வியர்வையில் நனைந்த கை. மாற்று டிரைவருடையது. அவர் ஆள் ஆஜானுபாகு. அவர் என் கியர் வண்டியை மிதிக்க, என் ஜோடி பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்திருக்கிறார். நான் கையை உருவிக்கொண்டு எழுந்தேன். இரண்டு அடி நடந்ததும் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். கீழே இருந்தவர்கள் எல்லாரும் அன்று மாலைக்குள் மேலே வந்து சேர்ந்தார்கள்.

என் ஜோடி எஞ்சின் வீட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மோரி விஷயத்தை அப்போதுதான் கேட்டேன்.

அவர் சொன்னது இதுதான். அந்த இறக்கத்தில் அவர் கைப்பிரேக்கைத் தொடுவதில்லை. மேலேயிருந்து வண்டியை விட்டு, வலது காலால் மட்டும் பெடலைத் தாங்கித் தாங்கி, சரியாக மோரியின் மேல் நிறுத்துவார். நின்றுவிட்டால் அன்றைக்கு அந்தக் கால் கேஜையும் நிறுத்தும். நின்று ஒரு மூச்சு விட்டுவிட்டு வேலைக்கு வருவார். எஞ்சினில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை அது. டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறைதானே பார்க்கிறார் என்றார். ஃப்ரீவீலை அடைத்தது அதற்காகத்தான். சக்கரத்துக்கும் காலுக்கும் நடுவில் வேறெதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

"காலையில பாத்திரம் உருண்டதும் அவளோட நானும் ஓடியாந்தேன். அவ தம்பி கீழ கீறான் இல்ல. ஓடறப்போ எங்கியோ முட்டி பிசகிச்சு. வீட்டுக்குப் போயி கட்டிகினு ஷிப்டுக்கு வந்தேன். வண்டி மோரியத் தாண்டிப் போய்டுச்சு. தள்ளிகினு மேல போயி மறுபடி விட்டேன். மறுபடி தாண்டிடுச்சு. இன்னொரு தபா பார்த்தேன், மச்சான். காலே வரல."

கீழே அத்தனை பேர், மேலே அத்தனை பெண்கள், மனைவியின் தம்பியும் உள்ளே. அந்த நேரத்தில் ஒரு மனிதன் யாருக்கும் தெரியாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்கும் மோரிக்குமாக நடந்திருக்கிறான். ஒருமுறையாவது நின்றுவிடாதா என்று பார்த்திருக்கிறான். நிற்கவில்லை என்றதும் எஞ்சின் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொல்லிவிட்டான். சொன்னால் அந்த இருக்கை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது, ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்தப் படியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். ஷாஃப்டின் ஆழத்தை முதன்முதலில் எட்டிப் பார்த்தபோது வந்த அதே பயமும் மரியாதையும் எனக்கு வந்தது. பல வருஷமாக என் கை மேல் கை வைத்தவர் யார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ராபர்ட்சன்பேட்டை மேட்டை இந்தக் காலோடு எப்படி ஏறினீர்கள் என்று கேட்டேன். முதல் கியரில் போட்டு இடது காலாலேயே ஏறிவிட்டாராம். தொரை வண்டி தங்கமான வண்டி என்று சொல்லிச் சிரித்தார். தன் வண்டியில் போயிருந்தால் பாதி மேட்டில் விழுந்து கிடந்திருப்பாராம்.

அவரே டாக்டரிடம் போய்ச் சொன்னார். முட்டி பழையபடி ஆகாது என்று எழுதிவிட்டார்கள். வைண்டிங் போயிற்று. லாம்ப் ரூமில், கீழே போகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டார்கள்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மனதில் இருந்ததைக் கொட்டினார். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், மறுநாள் லீவு போட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், இத்தனை வருஷம் பாடுபட்டு ஏறிய வேலையைத் தானே போய் விட்டுவிட்டு வந்தாரே என்றார். கூட இருந்த நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா என்றும் கேட்டார். கேட்பதற்கு அவருக்கு நியாயம் இருந்தது. கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே கேட்டார்.

"அவரு உக்காந்திருக்க வேண்டிய நேரத்துல தான என் தம்பி மேல வந்தான், இல்லண்ணா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். வரும்போது முகம் கழுவியிருந்தார். அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மாமனார் காலமானபின் நாங்களும் ஸ்கெலட்டனுக்கே குடிவந்தோம். ஒருநாள் சாயங்காலம் என் ஜோடி தன் ஓயாத வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். நீ தினமும் எஞ்சினில் உட்காருகிறாய், இது உனக்குத்தான் வேண்டும் என்றார். எனக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலைதான், தொரை வண்டியைக் கொடு என்றார். மாற்றிக்கொண்டோம். கியர் வண்டியில் ஏறி அவர் இறக்கத்தில் போனார். பெடலை மிதிக்கவில்லை. இரண்டு காலும் சும்மா இருந்தன. பின் சக்கரம் மட்டும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கால் ஓய்ந்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. வாசலில் நின்று, கண்ணுக்கு மறைகிறவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது.

அன்றிலிருந்து வேலையை விடுகிறவரை ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் நான் மோரியில் நின்றேன். நானும் முனீஸ்வர பக்தன் ஆகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் வண்டி மோரியைத் தாண்டிப் போய் நின்றது. காய்ச்சல் இல்லை, அடி இல்லை, வயசுதான். மறுபடி மேலே போய் விட்டுப் பார்த்தேன். அதே இடம்தான். எஞ்சின் வீட்டுக்குப் போய், இனி டிரைவர் கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓய்வு பெறுவதற்கு எனக்கு இன்னும் காலம் இருந்தது. மாலையில் கியர் வண்டி என் வாசலில் வந்து நின்றது. அவருக்கு எப்படியோ சேதி போய்விட்டது.

"எவ்ளோ தாண்டிச்சு?" என்று கேட்டார்.

"ஒரு முழம்தான் இருக்கும்."

"முழமே போதும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து என் கை மேல் கையை வைத்தார். இருட்டுகிறவரை எடுக்கவில்லை.

சைக்கிள் கேட்டு வந்த தம்பிக்குப் பதில் இதுதான். கியர் வண்டியையே வாங்குங்கள். மேட்டில் சுகமாக இருக்கும், நேரத்துக்கு வந்து சேரலாம், காலுக்கு நல்லது. வேலைக்கு வந்துபோக அதைவிட நல்ல வண்டி இல்லை. ஆனால் வந்து சேர்ந்த ஆள் அன்றைக்கு அந்த இருக்கையில் உட்காரலாமா என்பதை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று எப்போதாவது தோன்றினால், ஷிப்டுக்கு முன்னால் ஸ்கெலட்டன் வழியாக வாருங்கள். பழைய வண்டி என் வாசலில்தான் நிற்கிறது. என்னைக் கேட்க வேண்டாம், எடுத்துக்கொண்டு மோரி வரை போய்ப் பாருங்கள். அதற்கு நான் பூட்டுப் போடுவதில்லை.